அரைச்சுவர் அண்ணனின் கலர் அட்டை

அவருக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், இவ்வளவு நேரம் நல்ல பிள்ளை மாதிரி கதை சொல்லிவிட்டு இப்போது கக்குகிறான் பார் என்பீர்கள்.

அவர் பெயிண்டர். சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர். வயது நாற்பத்தைந்து, வழுக்கையில் எப்போதும் இரண்டு மூன்று சுண்ணாம்புப் புள்ளிகள், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற மீசை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் ஜன்னலுக்கு மேல்விளிம்பு அடித்துக்கொண்டிருந்தபோது, ஈரத் தரையில் ஏணியின் கால் வழுக்கிவிட்டது. எட்டாவது படியிலிருந்து விழுந்தார். கீழே வரும்போது வலது கையை ஊன்றினார். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஏணியில் மூன்றாவது படிக்குப் போனால் முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிடும் என்பார்.

அதனால் தரையில் நின்று கை எட்டுகிற உயரம் வரைதான் அவர் அடிப்பார். அதற்கு மேலே அவருடைய மச்சினன் அடிப்பான். மனைவியின் தம்பி. மரியாதை தெரிந்தவன், ஆனால் ஏணியில் ஏறினால் பாட்டுப் பாடுவான், அதுவும் ஒரே வரி. நீளக் கம்பில் உருளையை மாட்டி அடிக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நடுச்சுவருக்குச் சரி தம்பி. மூலைக்கும் ஓரத்துக்கும் கண்ணு பக்கத்துல போகணும்" என்றார்.

ஒருநாள் பாதி முடிந்த சுவர் முன்னால் அவர் நிற்பதைப் பார்த்தேன். கை எட்டுகிற உயரம் வரை பளிச்சென்று புது வண்ணம், அதற்கு மேலே பழைய அழுக்கு. "என்ன அரைச்சுவர் அண்ணே, மீதியை யாருக்கு விட்டு வச்சிருக்கீங்க?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். ஒரு மாதத்தில் தெரு முழுக்க அதுதான் பெயர். கடைசியில் அவரே போனில், "அரைச்சுவர் பேசறேங்க, வீட்டுக்கு எத்தனை ரூம்?" என்று ஆரம்பித்துவிட்டார். வேறு எப்படிச் சொன்னாலும் யாருக்கும் ஆள் புரியவில்லையாம்.

எனக்கு அப்போது அதில் பெருமை. நான் வைத்த பேர் நிலைத்துவிட்டதே என்று.

நாங்கள் ஜூடோ பழகுகிற இடம் கட்டில், பீரோ விற்கிற கடையின் மாடி. இருபத்து நான்கு பாய், நீலமும் சிவப்பும். இரண்டு பாய்களுக்கு நடுவே இருக்கிற இடுக்கில் கால் கட்டைவிரல் மாட்டாதவர் எங்களில் யாரும் இல்லை. மேலே நாங்கள் விழுந்தால் கீழே பீரோக் கண்ணாடிகள் கிடுகிடுவென்று ஆடும். கடைக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். சொல்லித்தருகிறவர் ஒரு தபால்காரி. காலை ஆறிலிருந்து ஏழரை வரை எங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடிதம் கொடுக்கப் போவார். எங்களுக்கெல்லாம் அவர் அக்கா.

ஒரு நாள் காலையில் அரைச்சுவர் அண்ணன் படியேறி வந்து, செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"சொல்லுங்கண்ணே, எதுக்குச் சேரணும்?" என்று கேட்டார் அக்கா.

"விழக் கத்துக்கணும் டீச்சர்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் விடுவேனா? "அண்ணே, அதுக்கு எதுக்கு வகுப்பு? ஒரு வாழைப்பழத் தோல் போதுமே!"

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எங்கேருந்து விழுந்தீங்க?"

"எட்டாவது படி."

"கையை ஊன்னீங்களா?"

"ஊன்னிட்டேன் டீச்சர்."

"சரி, நாளைக்கே வாங்க. நாங்க முதல்ல சொல்லிக் குடுக்கறதே அதுதான். கையை ஊனாம விழறது."

அதைக் கேட்டதும் அவர் முகம் எப்படி ஆனது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பல கடைகளில் இல்லை இல்லை என்று கேட்டுவிட்டு, கடைசிக் கடையில் "இருக்கே" என்று சொன்னால் ஒருவர் நிற்பாரே, அந்த மாதிரி நின்றார்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் நாள் ஒவ்வொருவரும் அந்த மாதம் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதி, சுவரோரம் கட்டியிருக்கிற கயிற்றில் துணி மாட்டுகிற கிளிப்பால் மாட்ட வேண்டும். செய்து முடித்தால் எல்லார் முன்னாலும் கழற்றலாம். முடிக்காவிட்டால் அது அங்கேயே தொங்கும். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "இந்த மாத இலக்கு, அடுத்த மாதத் தாளுக்குப் புதுசாக ஒன்று யோசிப்பது." அதற்கு முந்தைய மாதம்: "கீழே உள்ள ஒரு பீரோவையாவது உடைப்பது." பையன்கள் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னையும் நான் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டோம். எழுதி நாலு பேரைச் சிரிக்க வைக்க எனக்கு வேறு இடம் கிடையாது.

அரைச்சுவர் அண்ணன் தாளில் எழுதவில்லை. பெயிண்ட் கடையில் கொடுப்பார்களே, ஏழு நிறம் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும் நீள அட்டை, அதைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நிறத்தின் மேலும் பேனாவால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்.

முட்டை ஓடு நிறத்தில்: உட்கார்ந்து பின்னால் விழறது, நூறு. வெண்ணெய் நிறத்தில்: குந்தி விழறது, நூறு. எலுமிச்சையில்: நின்று விழறது, நூறு. இளம்பச்சையில்: உருண்டு விழறது, நூறு. கடல் நிறத்தில்: அடுத்தவர் எறிந்து விழறது, ஐம்பது. கத்தரிப்பூ நிறத்தில்: மஞ்சள் பெல்ட். கடைசியாக இருந்த செங்கல் நிறம் வெறுமையாக இருந்தது.

"அண்ணே, செங்கலை ஏன் விட்டுட்டீங்க? அதுவும் அரைதானா?" என்றேன்.

"அதை இப்ப எழுதினா பயமா இருக்கும் தம்பி" என்றார். கேலி என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அவருக்கு அவசரம் இருந்தது. மச்சினனுக்குக் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை கிடைத்திருந்தது. ஐந்து மாதத்தில் கிளம்புகிறான். அவன் போய்விட்டால் மேல்சுவருக்கு ஆள் இல்லை. கீழ்ச்சுவருக்கு மட்டும் ஒருவரை யார் கூப்பிடுவார்கள்? அதற்குள் அண்ணன் ஏணியில் ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் இருபத்தைந்து வருடம் செய்த தொழிலை விட வேண்டும். இதை அவர் சொல்லவில்லை. அவன்தான் ஒருநாள் படிக்கட்டில் காத்திருக்கும்போது சொன்னான். "மாமா ஏறிட்டாருன்னா நான் நிம்மதியாப் போவேன். இல்லேன்னா கப்பல்ல போயும் இவரு மூஞ்சிதான் ஞாபகம் வரும்."

அவர் விழுந்தார். எப்படி விழுந்தார் என்கிறீர்கள்! முதல் வாரம் மூட்டை விழுவது மாதிரி தொப்பென்று. தலையைப் பின்னால் விட்டு, இரண்டு தடவை பாயில் இடித்துக்கொண்டார். தாடையை நெஞ்சோடு ஒட்டி வைக்க வேண்டும் என்பதற்காக, தாடைக்குக் கீழே ஒரு சின்னத் துண்டை வைத்து, அது கீழே விழாமல் நூறு தடவை விழுந்தார். கையை ஊன்றாமல், பாயை உள்ளங்கையால் பட்டென்று அறைய வேண்டும். அது வரவேயில்லை. ஒவ்வொரு தடவையும் கை திருடன் மாதிரி பின்னால் போய்த் தரையைத் தேடும். அவர் அந்தக் கையையே பார்த்து, "உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?" என்று திட்டுவார். முட்டை ஓடு முடிய முழுதாக ஒரு மாதம். ஆனால் முடித்தார். வெண்ணெய்யை முடித்தார். எலுமிச்சை வந்தபோது அவர் கை பாயை அறைகிற சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்டது. கடைக்காரர் துடைப்பத்தோடு மாடிக்கே வந்துவிட்டார்.

மூன்றாவது மாதத்தின் கடைசியில் ஒருநாள் அக்கா எங்கள் எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, அவரை நடுவில் நிறுத்தி விழச் சொன்னார். விழுந்தார். அக்கா எங்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்கல்ல? நாலு வருஷமா வரவங்களும் இருக்கீங்க. விழறதுன்னா இப்படி விழணும்" என்றார். நாலு வருஷமாக வருகிறவன் நான் ஒருவன்தான். பையன்கள் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் நான் சொன்ன ஜோக்குக்காகச் சிரிக்கவில்லை.

இனி எழுதுவதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை நன்றாகத்தான் இருக்கும்.

ஜூடோவில் ஒருவரை இடுப்பில் ஏற்றி எறியும்போது அவருடைய வலது சட்டைக்கையை எறிகிறவன் பிடித்திருப்பான். அவர் முதுகு பாயைத் தொடுகிற வரைக்கும், தொட்ட பிறகும், அதை விடக் கூடாது. கடைசி நொடியில் லேசாக மேலே இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் தலையும் தோளும் தப்பிக்கும். விழுகிறவர் இடது கையால் பாயை அறைவார். வலது கை எறிகிறவனின் பொறுப்பு. முதல் வாரத்திலேயே சொல்லித்தருவார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். எதிரியாகவே இருந்தாலும் வகுப்பில் சட்டைக்கையை விட மாட்டார்கள்.

அன்று கடல் நிறத்தில் அவருக்கு நாற்பத்தொன்றாவது எறி. அவரே என்னிடம் வந்தார். "தம்பி, நீ எறியேன். நீ நல்லா உயரத் தூக்குவே. எனக்கு உயரம் வேணும்."

தூக்கினேன். மேலே போனபோது அவர் மூச்சு நிதானமாக இருந்தது. பயமே இல்லை. அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று கோணியது. கையை விட்டேன்.

விளையாட்டுக்கு விட்டேன் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. அவர் கொஞ்சம் கோமாளித்தனமாக விழட்டும், பையன்கள் பார்க்கட்டும் என்றுதான் விட்டேன்.

பிடி போனதும் அந்த வலது கை, அவர் மூன்று மாதம் திட்டித் திட்டிப் பழக்கிய கை, பழைய இடத்துக்கே போனது. தரையைத் தேடியது. ஊன்றியது. சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணியைப் பிழிகிற சத்தம். பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அதைப் பார்த்தார். "ஊன்னிட்டேன்" என்றார். "மறுபடியும் ஊன்னிட்டேன் டீச்சர்."

அக்கா அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பெல்ட் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

என் அம்மா ஒரு மருத்துவமனையில் கட்டுப் போடுகிறவர். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, தட்டை வைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க வகுப்புப் பெயிண்டர் வந்திருந்தாருடா. எலும்பு உடையல, நல்லவேளை. நரம்பு பிசகியிருக்கு, மூணு வாரம் ஆட்டக் கூடாது. எப்படி ஆச்சுன்னு கேட்டேன். ‘என் தப்புத்தாம்மா, உங்க பையன் நல்லாத்தான் எறிஞ்சான்’னாரு. பெருமையா இருந்துச்சுடா."

அந்த வீட்டில் என்னைப் பற்றி யாரும் பெருமையாகச் சொல்லி வருடங்கள் ஆகியிருந்தன. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். எழுந்து கை கழுவப் போனவன், குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். தண்ணி வீணாகுதுடா என்று அம்மா சத்தம் போட்டார்.

அவருக்குக் கோபம் என் மேல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நாலு வாரத்தில் மறந்துகூடப் போயிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். தாங்க முடியாமல் செய்தது அந்த அட்டை.

இரண்டு நாள் கழித்து வகுப்புக்குப் போனேன். கயிற்றில் அவருடைய பழைய அட்டையைக் காணவில்லை. அதே ஏழு நிறத்தில் புது அட்டை தொங்கியது. இடது கையால் எழுதியதால் எழுத்தெல்லாம் குழந்தை எழுதியது மாதிரி கோணல். முட்டை ஓடு நிறத்தில்: உட்கார்ந்து பின்னால் விழறது, நூறு.

முதலிலிருந்து. மூன்று மாதமும் பொய் என்று அவர் தன்னைப் பற்றி முடிவு செய்துவிட்டார். பக்கத்தில் என் தாள் தொங்கியது: "இந்த மாத இலக்கு, சிரிக்காதவர்களையும் சிரிக்க வைப்பது."

ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். அதில் ஆறு நாள், அவரே தன் தப்பு என்கிறார், நாம் ஏன் கிளற வேண்டும் என்று யோசித்தேன். மீதி மூன்று நாள் எதுவும் யோசிக்கவில்லை. பத்தாவது நாள் அவர் வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். மூன்று மாடி அலுவலகம், அதன் படிக்கட்டுச் சுவர். மச்சினன் ஏணியின் உச்சியில் அதே ஒற்றை வரியைப் பாடிக்கொண்டிருந்தான். அண்ணன் கீழே, வலது கையில் கட்டு, இடது கையில் பிரஷ்.

"என்ன தம்பி, வகுப்பு இல்லையா?"

"முடிஞ்சுது அண்ணே. உங்க கை..."

"நீ ஒண்ணும் வருத்தப்படாதே. எனக்கு மூளை சொல்றது கைக்குப் போய்ச் சேர ரெண்டு பஸ் மாறணும். அவ்வளவுதான் விஷயம்."

"நீங்களா ஊனல அண்ணே. நான் விட்டுட்டேன்."

"எதை?"

"சட்டைக்கையை."

பிரஷ் நின்றது. அதிலிருந்து வெள்ளைச் சொட்டு அவர் பாதத்தில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்து, எனக்கே வழி காட்டுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்: "வழுக்கிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார் மனுஷன். நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களோடு சேர்த்துப் பார்த்தால் அது ஒரு கடுகு.

"இல்லண்ணே. வேணும்னேதான் விட்டேன்."

மேலே பாட்டு நின்றது. "மாமா, என்ன சொல்றான் அவன்? இறங்கி வந்து ரெண்டு போடட்டா?"

"நீ வேலையைப் பாரு" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல். பிறகு என்னிடம், "எப்ப விட்டே? தூக்கும்போதா, கீழ வரும்போதா?"

"கீழ வரும்போது. பாதியில."

"அதுவரைக்கும் என் உடம்பு எப்படி இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சுண்ணே. தாடை உள்ளே இருந்துச்சு. இடது கை அறையறதுக்கு ரெடியா இருந்துச்சு. நாங்க யாரும் அப்படி வந்தது இல்ல."

அவர் படியில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை இடது கையால் தடவினார், அடிபட்ட நாய்க்குட்டியைத் தடவுவது மாதிரி. "பன்னெண்டு நாளாடா" என்றார். அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை. "பன்னெண்டு நாளா இந்தக் கையைத் திட்டிக்கிட்டிருந்தேன். சோறு திங்கற கையைப் போய், நீயெல்லாம் எதுக்குடா என்கூட இருக்கேன்னு திட்டினேன். ராஸ்கல், ஒரு வார்த்தை சொல்ல உனக்குப் பன்னெண்டு நாளா?"

நான் ஏதோ சொல்லப் போனேன். என் வாயில் ஜோக் தவிர வேறு எதுவும் நேராக வராது. நல்லவேளை, அன்று அதுவும் வரவில்லை.

"டீச்சர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அங்க போய்ச் சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு. விழுந்ததை எல்லாரும் பாத்தாங்கல்ல?" பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இப்பப் போ. உன்னைப் பாத்தா எனக்குக் கோடு கோணலாகுது."

மறுநாள் சொன்னேன். பாய் நடுவில் நின்று, பத்தொன்பது பேர் முன்னால். ஐந்து வயது வாண்டு ஒன்று, "சட்டைக்கையை விடக் கூடாதுன்னு எனக்கே தெரியும்" என்றது. அக்கா அதட்டவில்லை, அடிக்கவில்லை. தபால் முத்திரை குத்துவது மாதிரி ஒரே வாக்கியம் சொன்னார்: "மூணு மாசம் நீ யாரையும் எறியக் கூடாது. எல்லாரும் உன்னை எறிவாங்க."

அப்படியே நடந்தது. நான் காத்திருந்த பிரௌன் பெல்ட் தேர்வு வந்தது, போனது. நான் கீழே கிடந்தேன். ஐந்து வயது வாண்டுகூட என்னை எறிந்தது, அதாவது நானே எகிறி விழுந்தேன். அந்த மாதத் தாளில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கோணல் எழுத்து அட்டையைப் பார்த்து எழுதினேன்: உட்கார்ந்து பின்னால் விழறது, நூறு. யாரும் சிரிக்கவில்லை. அது நகைச்சுவையும் இல்லை. விழுந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நாலு வருடமாக நான் தாடையைச் சரியாக வைத்ததே இல்லை.

அம்மா சொன்ன மூன்று வாரம் முடிந்து அண்ணன் கட்டுப் பிரித்து வந்தார். நேரே கயிற்றுக்குப் போனார். கோணல் எழுத்து அட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தார். சட்டைப் பையிலிருந்து பழைய அட்டையை எடுத்து மாட்டினார். கடல் நிறத்தில் எறிக்கு ஒன்றாக நாற்பது கோடுகள் இருந்தன. நாற்பத்தொன்றாவதைப் போடவில்லை.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் வரவில்லை. அவர் பக்கம் வந்தால் பாயின் மறு மூலைக்குப் போய்விடுவேன். மீதிப் பத்து எறியில் ஒன்பதுக்கு அவர் எங்கள் வகுப்பில் இருந்த தையல்கடைக்காரரின் மகளிடம் போனார், கடைசி எறிக்கு அக்காவிடம். என்னிடம் வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

ஒருநாள் அக்கா, "இன்னிக்கு அண்ணன் எறிவாரு" என்று சொல்லி என்னைக் காட்டினார்.

எதிரே வந்து நின்றார். கழுத்துப்பட்டையையும் என் வலது சட்டைக்கையையும் பிடித்தார். அந்த வலுவில்லாத மணிக்கட்டு என் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது, சுற்றி வெள்ளைத் துணி. எறிந்தார். அழகான எறி இல்லை, பாதி நெம்புவது மாதிரி. ஆனால் நான் மேலே போய்விட்டேன். கீழே வரும்போது விடுவார் என்று நினைத்தேன். விடட்டும் என்றும் நினைத்தேன். விட்டால் கணக்கு நேராகிவிடும், அப்புறம் நான் அவர் முகத்தைப் பார்க்கலாம்.

அவர் விடவில்லை. என் முதுகு பாயைத் தொட்டது. கடைசி நொடியில் லேசான இழுப்பு, பாடத்தில் சொன்ன மாதிரியே. நான் பாயை அறைந்தேன். எல்லாம் முடிந்தும் சட்டைக்கை அவர் கையிலேயே இருந்தது. குனிந்து என்னைப் பார்த்தார்.

"விட்டுரட்டுமா தம்பி?" என்றார்.

கேலியா நிஜமா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. கூரையைப் பார்த்தேன். கூரையில் வண்ணம் உரிந்திருந்தது. நாலு வருடமாக விழுகிறேன், அதை அன்றுதான் பார்த்தேன்.

மஞ்சள் பெல்ட் அவருக்குக் கிடைத்தது. மச்சினன் கிளம்பிப் போனான். போகிற அன்று எனக்கும் கை கொடுத்தான். கொஞ்சம் அதிகமாக நசுக்கினான், நியாயம்தான்.

சான்றிதழ் வந்தபோது அண்ணன் ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. "கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்று அக்கா என்னிடம் கொடுத்தார். ஊருக்கெல்லாம் தபால் கொடுக்கிறவருக்கு இதைக் கொடுக்க நேரமில்லையாம்.

அதே படிக்கட்டு, மூன்றாவது மாடி. அண்ணன் ஏணியில் ஐந்தாவது படியில் இருந்தார். கீழே அவருடைய மனைவி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுச் சட்டப்படி யாரும் பிடிக்காமல் அவர் ஏறக் கூடாது. மாடிப்படியின் திருப்பத்தில் பெரிய ஜன்னல், அதன் மேல்விளிம்பு மட்டும் பாக்கி. ஏணியின் பக்கத்துக் கட்டையில் கலர் அட்டையைக் கம்பியால் கட்டியிருந்தார். செங்கல் நிறத்தில் இப்போது எழுத்து இருந்தது: எட்டாவது படி.

சான்றிதழை நீட்டினேன். அண்ணி வாங்கிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து கீழே காவல்காரர், "பெயிண்ட் டப்பா வந்திருக்கு, கையெழுத்துப் போட ஆள் வரணும்" என்று கூப்பிட்டார். அண்ணி ஏணியையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை.

"இறங்குங்க, நான் வந்தப்புறம் ஏறலாம்" என்றார் கணவரிடம்.

"இறங்கினா மறுபடி ஏற எனக்கு அரை மணி நேரம் ஆகும்" என்றார் அண்ணன். மேலேயிருந்து என்னைப் பார்த்தார். சின்னப் பார்வை இல்லை. என் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தரம் வண்ணம் அடித்த மாதிரி பார்த்தார். "கையை நல்லாத் துடைச்சுட்டுப் பிடி" என்றார்.

சட்டையில் துடைத்தேன். பிடித்தேன். அண்ணி நாலு படி இறங்கி நின்று, திரும்பிப் பார்த்து, பிறகு போனார்.

ஆறாவது படி. ஏழு. அங்கே நின்றார். அவர் முழங்கால் நடுக்கம் ஏணி வழியாக இறங்கி என் இரண்டு உள்ளங்கைக்கும் வந்தது. தந்தி மாதிரி. இந்த நடுக்கத்தோடுதான் இந்த மனுஷன் தினமும் இருந்திருக்கிறார். இதைப் பார்த்துத்தான் நான் பேர் வைத்தேன். மேலே மூச்சு ஒரு தரம் நீளமாக வந்தது. எட்டு.

பிரஷ் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்து மூக்கு வழியாக இறங்கியது.

"டேய், கொஞ்சம் லேசாப் பிடி" என்றார் மேலிருந்து. "ஏணிக்கு மூச்சு முட்டிடும்."

லேசாகப் பிடிக்கவில்லை.

அப்போது மாடி அறைக் கதவு திறந்து அலுவலகத்தில் வேலை செய்கிற நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் அண்ணாந்து பார்த்து, நல்ல மனசோடுதான், சந்தோஷமாகக் கத்தினார்: "அட, அரைச்சுவரு! உச்சிக்கே ஏறிட்டியாப்பா!"

"ஏறிட்டேங்க" என்றார் அரைச்சுவர் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள், அவரும். எனக்கு முகத்தை எங்கேயாவது மறைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இரண்டு கையும் ஏணியில் இருந்தன. அப்படியே நின்றேன்.